1906 சென்னையில் ஒரு கொலை: ரயில் நிலையம் இரண்டு வருடம் முன்னால் வந்தால் என்ன?

வாசகர் ஒருவர் கேட்டது: "எழும்பூர் ரயில் நிலையம் தப்பாக வந்துவிட்டது என்று ஒரு அத்தியாயத்தையே கிழித்துப் போட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். மர்மக் கதை படிக்கிறவனுக்குக் கொலை செய்தது யார் என்பதுதான் முக்கியம். கட்டடம் 1906இல் இருந்ததா, 1908இல் வந்ததா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? இப்படியே போனால் நாவல் முடியுமா?"

மார்ச் 2

பார்ப்பார்கள். அதுவும் மர்மக் கதை படிக்கிறவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு காதல் கதையில் எழும்பூர் நிலையத்தை இரண்டு வருடம் முன்னால் கட்டிவிட்டால் அது பிழை, அவ்வளவுதான். மர்மக் கதை படிக்கிறவர் முதல் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு பொருளையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வருகிறார். கதவுத் தாழ்ப்பாள், செருப்பு, கடிதத்தில் தேதி, எல்லாமே அவருக்குத் தடயம். அங்கே இருக்கக் கூடாத ஒரு பொருளை நான் வைத்துவிட்டால் அவர் அதையும் தடயம் என்று எடுத்துக்கொள்வார். கடைசியில் அது என் கவனக்குறைவுதான் என்று தெரிந்தால், ஏமாற்றப்பட்டோம் என்று அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

என் அத்தியாயத்தில் ஒருவன் ஓடிப்போய் எழும்பூர் நிலையத்தின் முகப்பில் ஒளிகிறான். இன்று நாம் பார்க்கிற அந்தச் சிவப்புக் கட்டடம் திறந்தது 1908 ஜூனில். என் கதை நடப்பது 1906 அக்டோபரில். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. பதினான்கு பக்கம். கிழித்ததில் வருத்தமில்லை. அவனைக் கடற்கரைப் பக்கம் ஓட விட்டேன், அது இன்னும் நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 2, இரவு

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. முதல் வரைவில் கொலை நடந்த அறையில் ஒரு தீப்பெட்டி கிடக்கும். "சிவகாசித் தீப்பெட்டி" என்று கை தானாக எழுதிவிட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில். அதற்கு முன் நம் வீடுகளில் இருந்ததெல்லாம் கப்பலில் வந்த ஸ்வீடன் பெட்டியும் ஜப்பான் பெட்டியும்தான். இப்போது கதையில் அது ஜப்பான் தீப்பெட்டி. திருத்தியவுடன் ஒரு கேள்வி பிறந்தது: சுதேசி இயக்கம் சூடாக இருக்கிற வருடத்தில், சீமைத் துணியே உடுத்துவதில்லை என்று வீம்பு பேசுகிற வீட்டில், அந்த ஜப்பான் பெட்டி எப்படி வந்தது? யார் கொண்டுவந்தது? கதைக்கு அது பயன்படும் என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 5

"ஏன் 1906?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் கொள்ளுப்பாட்டியின் பூஜைப் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது என்று என் பாட்டி சொல்வார். வெள்ளைக்காரர்கள் நடத்திய அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கியில் பணம் போட்டதற்கான ரசீது. கணவர் இறந்த பிறகு அவர் கையில் இருந்த பணம் முழுக்க அங்கேதான் போட்டிருந்தார். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கடற்கரைச் சாலையில் இருந்த அந்தக் கம்பெனியின் கதவு திறக்கவில்லை. வெள்ளைக்காரன் கம்பெனி, அரசாங்கமே கவிழ்ந்தாலும் அது கவிழாது என்று ஊரே நம்பியிருந்தது. விதவைகள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், கோயில் தர்மகர்த்தாக்கள், சின்ன வியாபாரிகள் எல்லோரும் ஒரே காலையில் தெருவில் நின்றார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டின் மேல் வழக்கு நடந்து பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நம் ஆட்களே நடத்துகிற வங்கி ஒன்று வேண்டும் என்று 1907இல் இந்தியன் வங்கி வந்தது. இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் கொள்ளுப்பாட்டி என்ன சமைத்தார், யாரிடமாவது சொன்னாரா, ரசீதை ஏன் கிழிக்காமல் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்தார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்காகத்தான் நாவல்.

கதையின் முடிச்சும் அங்கேயே கிடைத்தது. லண்டனில் அர்பத்நாட்டின் கூட்டாளி நிறுவனத்தை நடத்திய மக்ஃபேடியன் ரயில் முன்னால் விழுந்து இறந்தது அக்டோபர் 20, சனிக்கிழமை. கதவு மூடியது திங்கட்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. கடலடித் தந்தி வழியாகச் செய்தி வந்துசேரும் காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒருவனுக்கு மட்டும் விஷயம் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். வங்கி பூட்டியிருக்கிறது, பணம் எடுக்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் ரசீதைப் பக்கத்து வீட்டு விதவை தலையில் கட்டலாம். "அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது அம்மா, ஆயிரத்துக்கான ரசீது இது, எண்ணூறு கொடுங்கள் போதும்." திங்கட்கிழமை காலை அவன் செத்துக் கிடக்கிறான்.

இந்தக் கொலை 1905இல் நடக்க முடியாது, 1907இலும் நடக்க முடியாது. அந்த ஒரு ஞாயிறு இல்லாவிட்டால் கதையே இல்லை. வருடத்தை மாற்றினாலும் நடக்கக்கூடிய கொலை என்றால் அதற்கு ஜட்கா வண்டியும் தலைப்பாகையும் எதற்கு?

மார்ச் 6

தெருப் பெயர் பற்றிக் கேட்டவருக்கு. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்ததே ஐந்தாம் ஜார்ஜால்தான், அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். என் கதை மாந்தர் இரண்டையும் சொல்வதில்லை. முத்தியாலுப்பேட்டையில் இருக்கிறவர் முத்தியாலுப்பேட்டை என்பார், பெத்தநாயக்கன்பேட்டையில் இருக்கிறவர் அதைச் சொல்வார். வெளியூர்க்காரர்களுக்கு மொத்தமும் பட்டணம். ஊர்க்காரர்கள் வாயில் வருவதை எழுதினால் வருடக் கணக்கு பார்க்க வேண்டியதே இல்லை.

மார்ச் 9

இந்த வாரம் முழுக்கக் கடிகாரம். 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியாவுக்குப் பொது நேரம் என்று ஒன்று வந்தது, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். அதுவரை சென்னைக்கு மெட்ராஸ் நேரம், நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தின் கணக்கு. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். இந்தியா முழுக்க ரயில்கள் ரொம்ப காலம் இந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. ஆக, பழையதற்கும் புதியதற்கும் சென்னையில் கிட்டத்தட்ட ஒன்பது நிமிட வித்தியாசம்.

என் கதையில் ஒரு கிழவர் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை மாற்ற மறுத்துவிடுகிறார். "சூரியன் என்ன ஐந்தரை மணிக்கா கட்டுப்படுகிறது?" என்கிறார். பத்து மாதமாக அந்த வீட்டில் பழைய நேரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரம் ஒன்பது நிமிடம் முந்தி ஓடுவதால் சாட்சியின் வாக்குமூலம் முழுக்கப் புரண்டுவிடுகிறது. இதைவிட நல்ல தடயம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

மார்ச் 10

தவறு. திருத்திச் சொன்ன வாசகருக்கு நன்றி. பழைய கடிகாரம் முந்தாது, பிந்தும். ஊருக்கு மணி ஒன்பது அடிக்கும்போது கிழவரின் கடிகாரம் எட்டு ஐம்பத்தொன்றுதான் காட்டும். நான் நேர்மாறாக எழுதியிருந்தேன், அதை வைத்து இரண்டு அத்தியாயமும் எழுதிவிட்டேன்.

திருப்பி எழுதியபோது கதை பலப்பட்டது. கிழவர் சாட்சி சொல்கிறார்: "எட்டரை மணிக்கு அவன் என் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்." எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணி ரயிலைப் பிடிக்க சென்ட்ரலுக்கு ஜட்காவில் தாராளமாகப் போய்விடலாம். ஆனால் அந்த எட்டரை, ஊர்க் கணக்கில் எட்டு முப்பத்தொன்பது. திண்ணையிலிருந்து எழுந்து, வண்டி பிடித்து, மழைச் சேற்றில் போய், டிக்கெட் வாங்கி ஏற இருபத்தொரு நிமிடம் போதுமா? அவன் ரயிலில் போனேன் என்கிறான். கிழவர் பொய் சொல்லவில்லை, அவன் சொல்வதும் ஒருவேளை மெய்யாக இருக்கலாம். நடுவில் நிற்பது அந்த ஒன்பது நிமிடம்தான்.

மார்ச் 17

"கைரேகை வைத்து ஒரே நாளில் பிடித்துவிட முடியாதா?" என்று கேட்கிறார்கள். முடியாது, ஆனால் அந்தக் காலத்தில் கைரேகையே இல்லை என்று நினைப்பதும் தப்பு. உலகத்திலேயே முதல் கைரேகைக் கூடங்களில் ஒன்று கல்கத்தாவில் 1897இல் தொடங்கியது. வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் கைரேகை முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. 1899இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்திக் கைரேகை நிபுணரின் கருத்தை நீதிமன்றத்தில் ஏற்கச் செய்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஜல்பாய்குரி வழக்கு. ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை செய்யப்பட்டார், வழக்கு 1898இல் நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் ஒரு விரல் தடம். பழைய வேலைக்காரன் ஒருவனின் ரேகையோடு அது பொருந்தியது. தண்டனை எதற்குத் தெரியுமா? திருட்டுக்கு மட்டும். கொலைக்கு நேரில் பார்த்த சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஒரு விரல் தடத்தை நம்பி ஒரு உயிரை எடுக்க அன்றைய நீதிமன்றம் தயங்கியது. எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தேவைப்பட்டதும் அந்தத் தயக்கம்தான். கருவி வந்துவிட்டது, நம்பிக்கை இன்னும் வரவில்லை.

விஷம் என்றால் நிலைமை வேறு. சென்னையில் ரசாயனப் பரிசோதகர் கூடம் 1849இலேயே வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதலாவது. குடலையும் ஈரலையும் ஜாடியில் போட்டு அனுப்பினால் பாஷாணம் இருந்ததா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஜாடி அங்கே போய்ச் சேர வேண்டுமே. பாஷாணம் கொடுத்தால் வருவது வாந்தியும் பேதியும், காலராவுக்கும் அதேதான். காலரா வந்துபோகிற ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பொழுது விடிவதற்குள் பாடை கட்டி, மத்தியானத்துக்குள் எரித்துவிட்டால் தடயமும் சாம்பலாகிவிடும். என் கதையில் இறந்தவனைத் தகனம் செய்ய விடாமல் நிறுத்துவது ஒரே ஒரு ஆள். அது யார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

மார்ச் 18

அக்டோபர் 22 இரவுக்குப் பால் போல நிலா காய்வதாக எழுதியிருந்தேன். அமாவாசை கழிந்து நாலைந்து நாள்தான் ஆகிறது. ஒன்பதரை மணி வாக்கில் நிலா இறங்கிவிடும். அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக உயர்நீதிமன்றக் கோபுரத்தில் கலங்கரை விளக்கு. 1894இலிருந்து அங்கேதான் எரிந்தது. கடலில் இருப்பவர்களுக்கு வெளிச்சம், அடியில் தெருவில் நிற்பவனுக்கு இருட்டு.

மார்ச் 24

துப்பறிகிறவர் யார்? இதில்தான் எனக்கு ஒரு வருடம் போயிற்று.

முதலில் ஒரு இன்ஸ்பெக்டர். சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. பிரிவு வந்தது 1906இல்தான், வருடம் அழகாகப் பொருந்தியது. ஆனால் எழுத எழுத அவர் அந்த வீட்டுக்குள் போகவே முடியவில்லை. ரேழி வரைக்கும் வருவார். கூடத்தில் பெண்கள் இருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. சமையலறைப் பக்கம் பேச்சே இல்லை. கொலைக்கான காரணம் முழுக்க அடுப்படியில் இருக்கிறது, துப்பறிகிறவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவரை உள்ளே அனுப்ப வேண்டுமானால் அந்தக் காலத்து வீட்டைப் பொய்யாக்க வேண்டும். அல்லது அவரை நம் காலத்து மனிதராக்க வேண்டும், சாதி பார்க்காத, பெண்களிடம் சரிசமமாகப் பேசுகிற, எல்லோருக்கும் முன்னால் எல்லாம் புரிந்துவிட்ட ஒருவராக. அப்படி ஒருவரை எழுதினேன். அவர் வாயைத் திறந்தால் நான்தான் பேசினேன். விட்டுவிட்டேன்.

நான் முப்பது வருடம் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளராக இருந்தவன். சாட்சிக் கூண்டில் ஒருவர் தமிழில் பேசுவார். நீதிபதி அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு அம்மா சொன்னார்: "சும்மா போனேங்க." தங்கை வீட்டுக்கு, பேசிக்கொண்டிருக்க, ஒரு மாறுதலுக்கு, மனசு சரியில்லாமல் போனார். ஆங்கிலத்தில் பதிவானது "காரணம் எதுவும் இல்லாமல் போனேன்." அதைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். "காரணமே இல்லாமல் ராத்திரி எட்டு மணிக்கு அங்கே எதற்கு அம்மா போனீர்கள்?" அந்த அம்மா விழித்த விழி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சொன்னது அவர்தான், ஆனால் அவர் சொன்னது எங்கும் இல்லை.

1906இல் சென்னை நகரத்தில் கொலை நடந்தால் விசாரணை உயர்நீதிமன்றத்திலேயே, ஜூரி முன்னால். பேச்சு முழுக்க ஆங்கிலம். சாட்சிகள் பேசுவது தமிழ், தெலுங்கு, உருது. நடுவில் ஒரு ஆள் நிற்கிறார், மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொன்னதும் தெரியும், ஜூரி கேட்டதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன விழுந்து போயிற்று என்பது அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர்தான் என் ஆள். நான் அவரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, முப்பது வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

வழக்கு இதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மாலை, இறந்தவனைப் பற்றி, நாலு பேர் கேட்கச் சொல்கிறார்: "நாளைக்கு முதல் வேலை அவன் கணக்கைத் தீர்க்கிறதுதான்." அவனிடம் பட்ட கடனை அடைக்கப் போகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால், அந்த மொழியில் கணக்குத் தீர்ப்பது என்றால் பழிவாங்குவது. ஜூரியில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் காதில் அது கொலை மிரட்டலாக விழுகிறது. மொழிபெயர்த்தது நம் ஆள். ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அவருக்குப் புரிகிறது, தன் வாயால் ஒருவனைத் தூக்குமரத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று. அதிலிருந்துதான் அவர் துப்பறியவே தொடங்குகிறார்.

மார்ச் 25

நிறைய பேர் பாரதியாரைக் கதைக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். 1904 முதல் சென்னையில் இருக்கிறார், 1906இல் 'இந்தியா' வார இதழைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதே ஊர், அதே வருடம். ஆசை எனக்கும் இருந்தது. ஒரு காட்சி எழுதினேன். அவர் உள்ளே வந்தவுடன் எல்லா விளக்கும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. பக்கத்து அறையில் ஒருவன் செத்துக் கிடக்கிறான், அவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எடுத்துவிட்டேன். இப்போது ஒரு திண்ணையில் ஒரு பையன் 'இந்தியா' இதழை உரக்கப் படிக்கிறான், நாலு பேர் கேட்கிறார்கள். அவ்வளவு போதும் என்றுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 2

பேச்சு மொழி. 1906இல் அச்சில் வந்த தமிழ் வடமொழி கலந்து கனமாக இருக்கும். அதையே மாந்தர் வாயில் போட்டால் எல்லோரும் பத்திரிகைத் தலையங்கம் போலப் பேசுவார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நான் பேச்சுத் தமிழைத்தான் எழுதுகிறேன், பின்னால் வந்த சொற்களை மட்டும் களை பிடுங்குவது போலப் பிடுங்குகிறேன். கடிதத்தில் பெயருக்கு முன்னால் "திரு" வராது, "மகாராஜராஜஸ்ரீ" வரும். "காவல் நிலையம்" வராது, "போலீஸ் கச்சேரி" வரும். கச்சேரி என்றவுடன் இன்றைய வாசகருக்குப் பாட்டு நினைவு வரும், அன்றைக்கு அது அலுவலகம். ஒரு அத்தியாயத்தில் ஒரு சின்னப் பெண், "அப்பாவைக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று அழுகிறாள். அடிக்குறிப்பு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். இரண்டு வரி தள்ளிப் படித்தால் புரியும்.

தெலுங்கை மறந்துவிடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியாகச் சொன்னார். பாதிப் பட்டணம் வீட்டில் தெலுங்கு பேசியது. என் வரைவில் ஒரே ஒரு தெலுங்குக் குடும்பம்தான் இருக்கிறது. கூட்ட வேண்டும்.

ஏப்ரல் 3

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதற்குக் காரணம் ஒரு எழுத்து.

பழைய கணக்குப் பிள்ளைகள் எண் எழுதும் முறை தெரியுமல்லவா? பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. முந்நூறு என்றால் ௩௱. வெறும் நூறு என்றால் முன்னால் எதுவும் போட வேண்டாம், ௱ மட்டும். அந்த ௱-க்கு முன்னால், ஓரத்தில் இருக்கிற இடத்தில், ஒரே ஒரு எழுத்தை நுழைத்தால் போதும். ௯௱. நூறு ரூபாய் தொள்ளாயிரம் ரூபாய் ஆகிவிட்டது! அழிக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், மையை மாற்ற வேண்டாம்.

இதற்காகத்தான் எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் வழக்கம். ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டில் யார் எழுத்தாலும் எழுதுகிறார்கள்? என் கதையில் வீட்டுக்காரர் பழைய முறையில் எழுதுகிறவர். மகன் காலேஜில் படித்தவன், இங்கிலீஷ் எண் மட்டும்தான் பழக்கம். அப்பா இறந்த பிறகு நோட்டை அவனிடம் காட்டி, "உங்கப்பா தொள்ளாயிரம் வாங்கியிருக்கார், பாருங்க" என்றால் அவன் நம்பித்தான் ஆக வேண்டும். நோட்டைப் பார்த்தவுடன் அந்த ௯ ஓரத்தில் இடுங்கிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பது வீட்டு மருமகள். அவளுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. மாமனாருக்குப் பார்வை மங்கிய பிறகு கணக்கு எழுதிக் கொடுத்தது அவள்தான்.

ஏப்ரல் 3, மாலை

1906இல் தமிழ் எண்களையே பூஜ்யம் போட்டு எழுதும் முறையும் வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வந்துவிட்டது, இரண்டும் சேர்ந்தே இருந்தன. கிழவர் பழைய முறைக்காரர் என்பதை முன்கூட்டியே இரண்டு இடத்தில் காட்டியாக வேண்டும், கடைசியில் திடீரென்று எடுத்து நீட்டக் கூடாது. சுவர்க் கடிகாரத்தை மாற்ற மறுத்த கிழவரும் இவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன? கடிகாரமும் எண்ணும் ஒரே பிடிவாதத்தின் இரண்டு முகம். ஆனால் கடிகாரக் கிழவர் சாட்சி சொல்ல உயிரோடு இருக்க வேண்டும், கணக்குக் கிழவர் முன்னமே இறந்திருக்க வேண்டும். அண்ணன் தம்பியாக்கிவிட்டேன்.

ஏப்ரல் 6

கடன் பத்திரத்துக்கும் ஒரு யோசனை வந்திருக்கிறது: விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில், ஏழாம் எட்வர்ட் தலை போட்ட தபால்தலைகள் இங்கே வந்தது 1902இல். 1900 தேதியிட்ட புரோ நோட்டில் ஓரணா ஸ்டாம்பில் ராஜா தலை இருந்தால் அது போலி என்று தெரிந்துவிடும். அருமையான யோசனை. ஆனால் ௯௱ இருக்கும்போது இது அதிகப்படி. வேறு யாராவது எழுதுங்கள், எடுத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 14

முதல் கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "இவ்வளவும் போட்டால் கதை எங்கே?" என்கிறார். மார்ச் 2ஆம் தேதி நான் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். அவர் கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் சரியான விவரம் எல்லாம் கதைக்குள் வர வேண்டும் என்று நான் நினைத்துவிட்டேன். போன வாரம் என் மனைவியிடம் மூன்று அத்தியாயம் படிக்கக் கொடுத்தேன். டிராம் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. 1895இலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவள் கேட்டாள்: "இந்த ஊர்க்காரனுக்கு டிராம் பதினோரு வருஷமாத் தெரியுமே, அவன் ஏன் இப்படி வாயைப் பிளந்து பார்க்கிறான்?" நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒன்றரைப் பக்கமும் இப்போது ஒரே வாக்கியம்: "டிராம் கூட்டமாக இருந்தது, நடந்தே போனார்." அந்தக் காலத்து மனிதருக்குப் புதிதாகத் தெரிந்ததைத்தான் அவர் கவனிப்பார். மாறிப்போன மணி அவருக்குப் புதிது, டிராம் பழசு.

அதனால் வாசகரே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. எழும்பூர் நிலையத்தை நான் கிழித்தது சரிதான். ஆனால் அதற்குப் பதில் கடற்கரையைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியது சரியில்லை. அதையும் குறைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

எங்கே தேடுவது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அசைலம் பிரஸ் வருடாந்திரப் பஞ்சாங்கம் என்று ஒன்று வந்துகொண்டிருந்தது, தெருவாரியாக யார் எங்கே இருந்தார்கள் என்று அதில் இருக்கும். எனக்கு அது சாப்பாட்டை மறக்க வைத்த புத்தகம். பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் இப்போது காவல் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் போதும். தீர்ப்புத் தொகுப்புகளைப் படிக்கும்போது தீர்ப்பை விட்டுவிட்டுச் சாட்சியத்தை மட்டும் படியுங்கள். ஒரு நூலகத்தில் மூன்று தடவை "அந்தத் தொகுதி இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள், நாலாவது தடவை வேறொருவர் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். சலிக்காமல் போங்கள்.

மே 1

கடைசி அத்தியாயம் முடிந்தது.

மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் போய்த் தான் சொன்னதைத் திருத்த வேண்டும் என்று கேட்கும் காட்சியை ஏழு தடவை எழுதினேன். ஆறு தடவை அவர் நீளமாகப் பேசினார். ஏழாவதில், மறுபடி கூண்டில் ஏறிய சாட்சி அதே வார்த்தையைத் தமிழில் சொல்ல, அவர் மொழிபெயர்க்காமல் நிற்கிறார். மண்டபம் காத்திருக்கிறது. பங்கா ஆடுகிறது. நீதிபதி நிமிர்ந்து பார்க்கிறார். "பிரபு, இந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தம் வரும். சாட்சி சொன்னதில் ஒன்றுதான் இருக்கிறது" என்கிறார். அதோடு அத்தியாயத்தை நிறுத்திவிட்டேன்.

ரசீது வாங்கி ஏமாந்த அந்த விதவைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். கொலைகாரன் பிடிபட்டாலும் அவருக்குப் பணம் திரும்பாது. அவர் ரசீதை நாலாக மடித்துச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார். ஏன் என்று நான் எழுதவில்லை. என் பாட்டிக்கும் தெரியவில்லை.